பகடைப் பெட்டியின் மூடி ஏன் பிளந்தது? திருகோணமலையில் செய்து ரொறன்ரோவுக்கு அனுப்பியது

உப்புவெளித் தச்சன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் வசிக்கிறேன். என் பாட்டனார் கோயில் வாகனங்கள் செய்தவர். அவர் விட்டுச்சென்ற உளிகளையும் சீவுளியையும் கொண்டு இரண்டு ஆண்டுகளாகச் சிறிய மரப் பொருட்களைச் செய்து வருகிறேன். சென்ற ஐப்பசியில், ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியப்பாவின் மகன், தானும் நண்பர்களும் வாராவாரம் கூடி விளையாடும் கற்பனைக் கதை விளையாட்டுக்காக ஆறு பகடைப் பெட்டிகள் செய்து தரும்படி கேட்டார். 1974இல் அமெரிக்காவில் முதன்முதலாக வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதைத்தான் அவர்கள் விளையாடுகிறார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரராகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, தாம் செய்ய நினைக்கும் காரியம் கைகூடுமா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பது அந்த விளையாட்டு. நம் தாயக்கட்டையைப் போல ஒரே வடிவம் அதில் போதாது. 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகளில் ஒவ்வொன்றும், 10 முகங்கள் கொண்டதில் இரண்டுமாக ஏழு பகடைகள் ஒரு தொகுதியாக வரும்.

மரக்காலையில் தேக்குப் பலகை வாங்கி அறுகோணப் பெட்டிகளாகச் செய்தேன். நடுவில் ஒரு வட்டக்குழியும் சுற்றிலும் ஆறு வட்டக்குழிகளும் துளைத்து, மூடியும் அடியும் தாமாகவே பற்றிக்கொள்ளும்படி சிறு காந்தங்களைப் பதித்தேன். நான்கு பெட்டிகளை வெறுமையாக விட்டு, இரண்டின் மூடியில் மட்டும் அழகுக்காக ஆறு முதிரை மரப் பட்டிகளை விளிம்பைச் சுற்றி ஒட்டினேன். வெளிப்பக்கம் முழுவதற்கும் பொலிஷ் பூசி, மார்கழி மழையோடு மழையாக அனுப்பிவைத்தேன். தை மாத இறுதியில் படங்கள் வந்தன. முதிரைப் பட்டி ஒட்டிய இரண்டு மூடிகளும் நடுவில் பிளந்திருந்தன. மற்ற நான்கு மூடிகளும் கிண்ணம் போல வளைந்து, காந்தங்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. போதாக்குறைக்கு, இருபது முகப் பகடை ஆறில் ஒரு பெட்டிக்குள்ளும் நுழையவில்லை. அதன் அளவு 20 மில்லிமீற்றர் என்று படித்துவிட்டு 22 மில்லிமீற்றரில் துளைத்தேன். அண்ணன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பகடையைத் துணியில் முடிந்து பெட்டியோடு கட்டிக் கொண்டுபோகிறாராம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மரம் சரியில்லையா, என் வேலை சரியில்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். அண்ணனின் நண்பர்கள் அந்த விளையாட்டின் சின்னத்தையும் அதில் வரும் சில பூதங்களையும் மூடியில் செதுக்கித் தரச் சொல்கிறார்கள். அதைச் செய்வது முறையா என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூதூர் ஆசாரி எழுதியது:

தம்பி, நீங்கள் இட்ட படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரம் நல்ல மரம்; உளி வேலையும் சுத்தமாகத்தான் இருக்கிறது. பிளவு, மூடியின் நடுவில் இழையோடு இழையாக நேர்கோட்டில் ஓடியிருப்பதைக் கவனியுங்கள். பலகை அகலவாக்கில் சுருங்க முயன்றிருக்கிறது. நீங்கள் குறுக்கே ஒட்டிய முதிரைப் பட்டிகள் அதைச் சுருங்க விடவில்லை. இரண்டுக்கும் இடையில் இழுபட்ட தேக்கு, தனக்குப் பலம் குறைந்த இடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டது. உங்கள் பசை நன்றாகப் பிடித்ததுதான் வினையாக முடிந்திருக்கிறது.

மரம் எத்தனை ஆண்டு உலர்ந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. நீளவாக்கில் அது அசைவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. அகலவாக்கில்தான் கூடிக் குறையும். வாடைக்காலத்தில் நம் கொட்டகைகளில் கிடக்கும் பலகையில் 14 வீதம் ஈரம் இருப்பது வியப்பில்லை. கனடாவில் பனிக்காலத்தில் வெளியே உள்ள கடுங்குளிர்க் காற்றையே வீட்டுக்குள் சூடாக்கிக்கொள்வதால், அது வறண்ட காற்றாகிவிடும். அங்கே அதே பலகை ஒரு மாதத்தில் 7 வீதத்துக்கு இறங்கிவிடும். தேக்கு, பச்சை மரமாக இருந்து முற்றாக உலரும்வரை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 வீதமும், வளையங்களை ஊடறுத்து வெளிநோக்கிய திசையில் 2.5 வீதமும் ஏறத்தாழச் சுருங்கும் என்பது மர நூல்களில் உள்ள கணக்கு. அந்தச் சுருக்கம் ஈரம் 28 வீதத்துக்குக் கீழே போன பிறகுதான் தொடங்கும். ஆகவே 14இலிருந்து 7க்கு இறங்கினால் மொத்தச் சுருக்கத்தில் கால்பங்கு நடந்தேறும். உங்கள் மூடியின் அகலம் 100 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் காணாமற்போகும். ஒன்றரை மில்லிமீற்றர் என்பது கண்ணுக்குச் சிறிதாகத் தெரியலாம். பசையால் கட்டிப்போட்ட மரத்துக்கு அது போதும். இத்தனைக்கும், குறைவாக அசையும் மரங்களில் ஒன்று என்று பெயர் பெற்றது தேக்கு.

மற்ற நான்கும் வளைந்ததற்குக் காரணம் வேறு. வெளிப்பக்கத்துக்கு மட்டும் பொலிஷ் பூசினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பூசிய பக்கம் ஈரத்தை மெதுவாக விட, குழிகள் உள்ள பூசாத பக்கம் வேகமாக விட்டு முதலில் சுருங்கியது. மூடி அந்தப் பக்கமாகக் குழிந்தது. எந்தப் பொலிஷும் ஈரத்தை முற்றாகத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆகையால் உள்ளும் புறமும், குழிகளின் அடியும் சுவரும் உட்பட, எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பூச வேண்டும். அந்த நான்கு மூடிகளையும் எறிந்துவிட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் காற்றுப்படும்படி சில வாரங்கள் நிறுத்திவைத்தால், ஈரம் சமப்பட்டு ஓரளவு நிமிர்ந்துவிடக்கூடும்.

இனிச் செய்யும்போது, பலகையின் வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்குங்கள். வளையக் கோடுகள் பலகையின் தட்டைக்கு நட்டுக்குத்தாக நிற்கும் துண்டு கிடைத்தால், மேலே சொன்ன ஒன்றரை மில்லிமீற்றர், அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான அளவாகக் குறைந்துவிடும். வளையும் தன்மையும் அதில் குறைவு. கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் துண்டுகளை இறுதி அளவைவிடச் சற்றுப் பருமனாக வெட்டி, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் நாளையும் நிறையையும் எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் வைத்து நிறுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே நிறை காட்டினால் அந்தத் துண்டு வேலைக்குத் தயார். அப்போதும் கனடாவின் வறட்சிக்கு இங்கே மரத்தை இறக்க முடியாது என்பதால், அசைய இடம்விட்டுச் செய்வதே வழி. முதிரை விளிம்பு வேண்டுமென்றால், முதிரையில் ஆறு துண்டுச் சட்டம் செய்து அதன் உட்பக்கம் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, தேக்குப் பலகையை அந்தக் காடிக்குள் பசையின்றி, பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர் இடைவெளியோடு தளர்வாக நிறுத்துங்கள். இழையின் இரு முனைகளிலும் நட்டநடுவில் ஒரு சொட்டுப் பசை போதும். உங்கள் பாட்டனார் செய்த வாகனம் ஏதாவது ஊர்க் கோயிலில் இருந்தால், அதன் பீடத்துக்குக் கீழே குனிந்து, பலகைகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். இதில் நான் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

இன்னொன்று. பழைய வீடு இடிக்கும் இடங்களில் கதவு, நிலை, யன்னல் சட்டங்களாகத் தேக்கும் முதிரையும் கிடைக்கும். அவை பல ஆண்டுகள் காய்ந்து அடங்கிய மரங்கள். சிறிய பெட்டிகளுக்கு அவற்றைவிட நல்லது இல்லை. ஆணி ஒளிந்திருக்கும், அதை மட்டும் தேடி எடுத்துவிட்டு மரம் அறுக்கும் வாளை வையுங்கள்.

அலஸ்தோட்டத்து ஆட்டக்காரன் எழுதியது:

நான் அலஸ்தோட்டத்தில் பிறந்து இப்போது ஸ்காபரோவில் இருப்பவன். பத்து ஆண்டுகளாக இந்த விளையாட்டை ஆடுகிறேன். ஐயா சொன்ன வறட்சி உண்மை. தை மாதத்தில் இங்கே என் வீட்டுக் கதவுப் பலகைகளின் ஓரத்தில் வர்ணம் படாத வெள்ளைக் கோடு வெளியே தெரியும், ஆடியில் மறைந்துவிடும்.

இருபது முகப் பகடை நுழையாததற்குக் காரணம் அதன் வடிவம். கடைக்காரர்கள் சொல்லும் 20 மில்லிமீற்றர் என்பது முகத்துக்கு முகம் உள்ள தூரம். முனைக்கு முனை அளந்தால் அது நாலில் ஒரு பங்கு கூடும். கணக்குப்படி 25 மில்லிமீற்றரைத் தாண்டும். முனைகளை மழுக்கியிருப்பதால் சிறிது குறையலாம், ஆனால் அதை நம்பித் துளைக்கக் கூடாது. பகடை குழிக்குள் எந்தப் பக்கமாகவும் விழ வேண்டும். விரல் நுனியால் எடுக்கவும் இடம் வேண்டும். எனவே ஏழு குழிகளையும் 27 மில்லிமீற்றரில் துளைத்துவிடுங்கள். குழிகளுக்கு இடையே 3 மில்லிமீற்றர் சுவர் விட்டால் நடுக்குழியின் மையத்திலிருந்து சுற்றுக்குழிகளின் மையம் 30 மில்லிமீற்றர் தூரத்தில் அமையும். ஆறு குழிகளும் அறுகோணத்தின் ஆறு மூலைகளை நோக்கி இருக்கும்படி வைத்தால், பக்கத்துக்குப் பக்கம் 90 மில்லிமீற்றர் உள்ள பெட்டிக்குள் எல்லாம் அடங்கும். காந்தத்துக்கு அந்த மூலைகளில் இடம் கிடைக்கும். காந்தத்தை ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் மேற்பக்கத்திலும் மையினால் புள்ளி இடுங்கள். ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டால் மூடி பெட்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆட்டக்காரர்களுக்குப் பெட்டியைவிட அதிகம் பயன்படுவது பகடைத் தட்டம். உலோகப் பகடை வைத்திருப்பவர்கள் அதை வெறும் மேசையில் உருட்டினால் மேசை பள்ளம் விழும்; தட்டம் இல்லாவிட்டால் பாதி ஆட்டம் கதிரைக்கு அடியில் பகடை தேடுவதில் போகும். அடியில் தோலோ தடித்த கம்பளித் துணியோ விரித்த தட்டத்துக்கு, தோலில் பகடை விழும் சத்தத்துக்காகவே காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது பகடைக் கோபுரம்: மேலே பகடையைப் போட்டால், உள்ளே மாறிமாறிச் சரிந்திருக்கும் பலகைகளில் மோதிக்கொண்டு கீழே வந்து விழும். கைச்சாமர்த்தியத்துக்கு அதில் இடமில்லை. இது புதிய யோசனை அல்ல. ஜேர்மனியில் வெட்வைஸ் என்ற ஊருக்கு அருகே 1985இல், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமர்களின் பகடைக் கோபுரம் ஒன்று செப்புக் கலவைத் தகட்டில் செய்யப்பட்டதாகக் கண்டெடுக்கப்பட்டது. அதன் அடியில் சிறு படிகளும், பகடை வெளியே வரும்போது ஒலிக்கும்படி மணிகளும் இருந்தன. அந்த மணிகளைப் பற்றிப் படித்த நாள் முதல், நம் ஊர்க் கோயிற்கடையில் விற்கும் சின்னப் பித்தளை மணிகளை யாராவது ஒரு மரக் கோபுரத்தில் கட்டித் தரமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன். செய்வதாக இருந்தால் உள்ளகலத்தை 60 மில்லிமீற்றருக்குக் குறைக்க வேண்டாம். ஏழு பகடைகளையும் ஒருசேரப் போட்டால் சிக்கிக்கொள்ளும்.

மரத்திலேயே இருபது முகப் பகடை செதுக்கித் தரும்படியும் சிலர் கேட்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே துண்டுக்குள்ளும் மரத்தின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். ஈரத்துக்கேற்ப திசைக்குத் திசை வெவ்வேறு அளவில் சுருங்கும். எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 21 வரவேண்டிய அந்தப் பகடை அலங்காரமாக இருக்கலாம், நடுவுநிலையாக உருளாது.

கோணமலைச் சித்திரம் எழுதியது:

தம்பி, சின்னம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த விளையாட்டின் எழுத்துருவும் இலச்சினையும் அதை வெளியிடும் நிறுவனத்தின் வணிகச் சின்னங்கள். விற்பனைக்குச் செய்யும் பொருளில் அவற்றைச் செதுக்குவது முறையல்ல. 2023 தை மாதத்தில் அவர்கள் தங்கள் அடிப்படை விதிகளின் ஓர் ஆவணத்தை, பெயர் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது உண்மைதான்; ஆனால் அது எழுத்துக்குத்தான், இலச்சினைக்கு அல்ல. பல கண்களோடு மிதக்கும் உருண்டைப் பூதம் போன்ற சிலவற்றையும் அவர்கள் தமக்கே உரியவையாக வைத்திருக்கிறார்கள். பறவைநாகம் (டிராகன்), குகை, வாள், கோட்டை போன்றவை எவருக்கும் சொந்தமல்ல.

அதைவிட, கோயில் வாகனம் செய்த குடும்பத்தில் பிறந்த நீங்கள் எதற்காக அடுத்தவர் பூதத்தைத் தேட வேண்டும்? சிங்க உடலில் துதிக்கை சுருட்டிய யாளி, இருதலைக் கண்டபேருண்டம், வாயிலிருந்து கொடி கக்கும் மகரம் ஆகிய மூன்றையும் உங்கள் பாட்டனாரின் உளிகள் ஏற்கெனவே அறிந்திருக்கும். உங்கள் பெட்டிக்கு ஏழு குழிகள். நம் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் இராவணன் தன் தாயின் ஈமக்கிரியையான அந்தியேட்டிக்காக வாளால் குத்தி வரவழைத்ததாகச் சொல்லப்படும் வெந்நீர்க் கிணறுகளும் ஏழு. மூடியில் ஏழு கிணறுகளையும் அவற்றின் நீராவிச் சுருள்களையும் செதுக்கி, உள்ளே ஒரு சின்னத்தாளில் அந்தக் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துப் பாருங்கள். கதையை நம்பியே விளையாடும் ஆட்டக்காரர்களுக்கு அதைவிட உவப்பான பரிசு இராது. அலஸ்தோட்டத்துத் தம்பி கேட்ட கோபுரத்துக்கும், திருக்கோணேச்சரம் நிற்கும் சுவாமி மலையின் செங்குத்துப் பாறையை உருவமாக எடுக்கலாம். பகடை, அந்தப் பாறையின் பிளவான இராவணன் வெட்டு வழியாக உள்ளே விழுந்து, அடியில் மணியடித்துக்கொண்டு கடலுக்கு வரட்டும்.

முதிரை மரத்தூளைப் பற்றி எவரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதவே வந்தேன். என் கணவர் ஒருமுறை மூடிய அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் முதிரையைச் சாண்ட் பேப்பர் பிடித்து, இரண்டு முழங்கைகளிலும் தடித்துச் சிவந்து ஒரு கிழமை தூங்காமல் இருந்தார். எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் முதிரைத் தூள் தோலுக்கு ஒவ்வாமை தரும் என்பது அறியப்பட்ட விடயம். முழுக்கைச் சட்டையும் கவசமும் அணிந்து, வெளியில் காற்றோட்டத்தில் செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்துவிட வேண்டும்.

பலா மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று எவராவது கொண்டுவந்தால் அனுமதியைக் கேளுங்கள்; பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. மரக்காலைப் பற்றுச்சீட்டை எப்போதும் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வெளிப்பெட்டி மட்டைப்பெட்டியாக இருக்கட்டும். 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பருமனுள்ள சாதாரண மரத்தில் பொதிப்பெட்டி செய்தால், மரத்தின் உள்மையம் வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றியதற்கு, அல்லது மருந்துப்புகை இட்டதற்கு, உரிய முத்திரை கேட்பார்கள். வெள்ளை மரம் (வைரம் ஏறாத வெளிப்பகுதி) ஒட்டிய துண்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) விழுந்து மாவு கொட்டினால் பொதி அங்கேயே நின்றுவிடும்.

உப்புவெளித் தச்சன் எழுதியது:

ஐயா, அண்ணா, அக்கா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி நேற்றுக் காலை ஊர்க் கோயிலுக்குப் போய், குருக்களிடம் கேட்டு, வாகனசாலையில் இருக்கும் பாட்டனாரின் குதிரை வாகனத்துக்குக் கீழே கைவிளக்கோடு படுத்துப் பார்த்தேன். பீடத்தின் அகலப் பலகைகளில் பசையே இல்லை. ஒவ்வொன்றும் இரு பக்கமும் காடிக்குள் தளர்வாக நிற்கிறது. நடுவில் மட்டும் ஒரு மர ஆப்பு. ஓரங்களில் வர்ணம் படாத கோடு ஒன்று இருக்கிறது, ஆட்டக்கார அண்ணா தன் கதவில் பார்த்ததாகச் சொன்ன அதே கோடு. இத்தனை ஆண்டுகள் அந்த வாகனத்தைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை.

அண்ணனிடம் பேசிவிட்டேன். ஆறு பெட்டிகளையும் என் செலவில் புதிதாகச் செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கச்சான் முடியும்வரை பொறுத்திருப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். கன்னியாக் கிணறுகள் யோசனையைக் கேட்டதும் அவருடைய நண்பர்கள் சின்னத்தை மறந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் தன் மூடிக்கு யாளி வேண்டும் என்கிறார். இடித்த வீடொன்றின் யன்னல் சட்டங்களாகத் தேக்குத் துண்டுகள் பதினொன்று கிடைத்தன. ஆணிகளைக் களைந்து, நிறுத்து, எண்ணிட்டு அடுக்கியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. இனிச் செய்யும் பெட்டிகளின் குழிகளுக்குள் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று வீட்டில் கேட்டார்கள். அது சரிவருமா?

மூதூர் ஆசாரி எழுதியது:

வேண்டாம் தம்பி. தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகும் எண்ணெய் அல்ல; பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், நாள்பட்டால் சிக்கு நாறும். வேக வைத்த ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தடவி, கால்மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, நான்கைந்து நாள் காயவிட்டு, மறுபடி ஒருமுறை தடவுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு தேன்மெழுகு தேய்த்தால் போதும். குழியின் அடிக்குத் துணி ஒட்டுவதாக இருந்தால், அந்த இடத்தில் மெழுகு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகின் மேல் பசை பிடிக்காது.

உப்புவெளித் தச்சன் எழுதியது:

அப்படியே செய்கிறேன், ஐயா. கழிவுத் துண்டொன்றில் 27 மில்லிமீற்றரில் ஒரு குழி துளைத்துப் பார்த்தேன். சின்னத்தம்பியிடம் இருந்த இருபது முகப் பகடையை அதற்குள் போட்டபோது, எங்கும் தட்டாமல் இறங்கி உட்கார்ந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் நுழைய இடமும் இருக்கிறது.